டிராயிங் மூலையில் இருந்த ஊர்

மலர்க்குழு நண்பர்கள் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். "போன தடவை மாதிரி கல்வெட்டு, செப்பேடு எல்லாம் வேண்டாம் சார். அமெரிக்கா போய்ட்டு வந்தீங்களே, அதைப் பத்தி எழுதுங்க" என்றார்கள். அமெரிக்கா என்றதும் நயாகராவையும் சுதந்திர தேவி சிலையையும் எதிர்பார்ப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் எழுதப் போவது ஐம்பதாயிரம் பேர் வாழும் ஒரு சின்ன ஊரைப் பற்றி. அதன் பெயர் கொலம்பஸ். ஒஹையோ மாநிலத்தின் தலைநகரான பெரிய கொலம்பஸ் அல்ல. இந்தியானா மாநிலத்தில், இந்தியானாபொலிஸ் நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 70 கி.மீ. தொலைவில் உள்ள சிறிய கொலம்பஸ். என் சகலையே இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒஹையோவில் இருக்கும் தன் மருமகனை விமான நிலையத்துக்கு அனுப்பி வைக்கிறேன் என்று கிளம்பிவிட்டார்!

பெயர் மட்டும் தெரிந்த ஊர்

1979-ல் கும்பகோணத்திலிருந்து பிழைப்புக்காகப் புனே வந்தேன். போசரியில் ஒரு சிறு பட்டறையில் க்வாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. டீசல் எஞ்சினுக்கான சின்னச் சின்ன உதிரி பாகங்களைச் செய்து கொடுப்பது எங்கள் தொழில். புனேவில் 1962-லேயே கிர்லோஸ்கர் குழுமமும் அமெரிக்காவின் கம்மின்ஸ் நிறுவனமும் சேர்ந்து கிர்லோஸ்கர் கம்மின்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கியிருந்தன. அந்த எஞ்சின்களின் வரைபடங்கள் எங்கள் மேஜைக்கு வரும். வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு கட்டம். அதில் பாகத்தின் எண், அளவின் விலக்கு, தேதி. கூடவே "கொலம்பஸ், இந்தியானா" என்று ஒரு வரி. முப்பது வருஷம் அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு ஊர், அங்கே மனிதர்கள் இருப்பார்கள், கோயில் குளம் மாதிரி அவர்களுக்கும் ஏதாவது இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

2015-ல் மாப்பிள்ளைக்கு அங்கேயே வேலை கிடைத்து மகள் குடும்பம் போய்ச் சேர்ந்தது. நானும் என் மனைவியும் 2017-ல் ஒரு முறையும் 2023-ல் ஒரு முறையும் போய்த் தங்கி வந்தோம். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனபின் எனக்கு நடைதான் பொழுதுபோக்கு. நடந்து பார்த்ததும் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

ஊர் பிறந்த கதை

இந்தப் பகுதி ஒரு காலத்தில் டெலவேர் என்று வெள்ளையர் அழைத்த பூர்வகுடி மக்களின் நிலம். 1818-ல் செய்துகொண்ட உடன்படிக்கையால் மத்திய இந்தியானா முழுவதும் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. அவர்கள் மேற்கே பெயர்ந்தார்கள். ஊரின் அழகைச் சொல்லும்போது இந்த முதல் பெயர்ச்சியையும் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது.

1821-ல் ஜான் டிப்டன் என்ற தளபதி ஊருக்காக நிலம் கொடுத்தார். நன்றிக்கடனாக ஊருக்கு "டிப்டோனா" என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அதே ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி பெயரைக் கொலம்பஸ் என்று மாற்றிவிட்டார்கள்! நிலம் கொடுத்தவர் மனம் புண்பட்டு ஊரை விட்டு விலகினார் என்பார்கள். பின்னாளில் சாலை போடும் அதிகாரம் கிடைத்தபோது ஊரை ஒதுக்கிச் சாலை போட்டுப் பழி தீர்த்தார் என்றும் உள்ளூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அது கதையோ நிஜமோ, பெயர் விஷயத்தில் எந்த நாட்டுக்காரனுக்கும் ரோஷம் ஒன்றுதான்.

டிரிஃப்ட்வுட், ஃபிளாட்ராக் என்ற இரண்டு ஆறுகள் கூடி ஒயிட் ஆற்றின் கிழக்குக் கிளையாக மாறும் இடம் இது. நம் பவானி கூடுதுறையை நினைத்துக்கொள்ளுங்கள். 1844-ல் ரயில் வந்தது. சுற்றிலும் சோளக்கொல்லை, நடுவே கச்சேரிக் கட்டடம் என்று சாதாரண மாவட்டத் தலைநகராகவே அது வளர்ந்தது. 1874-ல் கட்டிய அந்தச் செங்கல் கச்சேரிதான் இன்றும் ஊரின் நடுநாயகம்.

வங்கிக்காரரும் கார் ஓட்டியும்

ஜோசப் இர்வின் என்பவர் அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவருடைய கடையில் ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. ஊர்க்காரர்கள் நம்பிக்கையோடு தங்கள் பணத்தை அதில் வைத்துப் போனார்கள். அந்த நம்பிக்கைதான் 1871-ல் வங்கி ஆனது. அவருடைய மகன் வில்லியம் கிளாண்டன் இர்வின் வீட்டில் கார் ஓட்டவும் பழுது பார்க்கவும் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனால் எந்த யந்திரமும் அவர் கைக்கு வசப்படும். முதலாளி தன் கார் ஷெட்டையே பட்டறையாகக் கொடுத்தார்.

1919-ல் கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனி பிறந்தது. பிறந்ததே தவிர லாபம் வரவில்லை. தபால் வழி விற்பனைக்காக விவசாயிகளுக்குச் செய்த சிறு எஞ்சின்கள் பல திரும்பி வந்தன. வங்கிக்காரருக்கு அலுப்புத் தட்டும் நேரம். 1929 கிறிஸ்துமஸ் அன்று கம்மின்ஸ் ஒரு பழைய பேக்கர்ட் காரில் டீசல் எஞ்சினைப் பொருத்தி, இர்வினை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் வந்தார். மனம் மாறிய இர்வின் மேலும் பணம் போட்டார். 1931-ல் இந்தியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் கம்மின்ஸ் டீசல் கார் நடுவில் ஒரு முறைகூட நிற்காமல் ஓடி முடித்தது. பரிசு இல்லை, 13-ஆம் இடம். ஆனால் நிற்காமல் ஓடியதே விளம்பரம் ஆயிற்று. ஆனாலும் கம்பெனி முதல் லாபத்தைக் கண்டது 1937-ல்தான். பதினெட்டு வருஷம்! இன்றைக்கு எந்த பாங்க் மேனேஜர் இப்படிக் காத்திருப்பார், சொல்லுங்கள்?

அந்தப் பொறுமைக் குடும்பத்தின் அடுத்த தலைமுறைதான் ஜே. இர்வின் மில்லர் (1909–2004). யேல், ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு, வயலின் வாசிப்பார். 1934-ல் கம்பெனிப் பொறுப்பை ஏற்றார். அமெரிக்கத் தேவாலயங்களின் தேசிய மன்றத்துக்குத் தலைவரான முதல் பாதிரியார் அல்லாதவர் அவர்தான். 1963-ல் கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணிக்குத் துணை நின்றார். 1967 அக்டோபரில் எஸ்குவயர் பத்திரிகை, அடுத்த ஜனாதிபதியாக வரவேண்டியவர் இவரே என்று அட்டைப்படமே போட்டது. அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.

வரைகிறவர் கூலி நம்முடையது

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊரில் குழந்தைகள் பெருகினார்கள், பள்ளிகள் போதவில்லை. அவசரத்துக்குக் கட்டிய கட்டடம் யாருக்கும் பிடிக்கவில்லை. கம்பெனிக்கும் ஒரு கவலை. சோளக்கொல்லை நடுவே இருக்கும் ஊருக்கு நல்ல எஞ்சினீயர்களை எப்படி வரவழைப்பது? வந்தாலும் குழந்தைகளை எங்கே படிக்க வைப்பார்கள்?

மில்லர் பள்ளிக்குழுவிடம் ஒரு யோசனை சொன்னார். கட்டுகிற செலவு ஊருடையது. கட்டடத்தை வரைகிற கலைஞரின் ஊதியத்தை மட்டும் கம்மின்ஸ் அறக்கட்டளை கொடுத்துவிடும். ஒரே நிபந்தனை: நடுநிலையான நிபுணர்கள் தரும் பெயர்ப் பட்டியலிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரைத் தேர்வது, எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் ஊர்க்காரர் இஷ்டம். அப்படி எழுந்த முதல் கட்டடம், 1957-ல் ஹாரி வீஸ் வரைந்த லில்லியன் ஷ்மிட் தொடக்கப்பள்ளி. பிறகு மற்றப் பள்ளிகள், தீயணைப்பு நிலையம், தபால் நிலையம், சிறைச்சாலை என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள். மட்டமான வேலைதான் கடைசியில் அதிகச் செலவு வைக்கும் என்பது மில்லரின் கொள்கை.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். முழுக் கட்டடத்தையும் தானமாகக் கொடுத்திருந்தால் அது வள்ளலின் கட்டடம். கல்வெட்டில் அவர் பெயர் இருக்கும், ஊர் கைகட்டி நிற்கும். இங்கே வரிப்பணம் ஊருடையது, முடிவு ஊருடையது, சண்டையும் ஊருடையது. ஆகவே கட்டடமும் ஊருடையது.

இந்தச் சிற்றூரில் நடந்தால் பெரிய பெயர்களாக வருகின்றன. பின்லாந்திலிருந்து குடியேறிய ஈலியல் சாரினென் 1942-ல் கட்டிய ஃபர்ஸ்ட் கிறிஸ்டியன் சர்ச், 166 அடிக் கோபுரத்தோடு நிற்கிறது. அவருடைய மகன் ஈரோ சாரினென் 1954-ல் இர்வின் வங்கியைக் கண்ணாடிச் சுவர்களோடு கட்டினார். வங்கி என்றால் கம்பிக் கூண்டும் தடித்த தூண்களும் என்று பயந்த காலத்தில், தெருவில் போகிறவன் உள்ளே எட்டிப் பார்க்கலாம்படி ஒரு வங்கி! ஐ. எம். பெய் கட்டிய கிளியோ ராஜர்ஸ் நூலகம் 1969-ல் திறந்தது. அதன் முன் செங்கல் முற்றத்தில் சிற்பி ஹென்றி மூர் வடித்த இருபதடி வெண்கல வளைவு 1971-ல் வந்து நின்றது. 1991-ல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் எடுத்த கணிப்பில், சிகாகோ, நியூயார்க் போன்ற மாநகரங்களோடு சேர்த்து இந்த ஊருக்கு ஆறாம் இடம் கிடைத்தது.

ஊர் கூடும் இடங்கள்

கட்டடம் மட்டும் இருந்தால் அது மியூசியம். ஊர் எப்படி வாழ்கிறது?

கோடையில் சனிக்கிழமை காலை உழவர் சந்தை. சோளமும் தக்காளியும் தேனும் கொண்டுவந்து விற்கிற விவசாயிகள், பேரம் பேசாமல் வாங்குகிற ஜனங்கள். என் மனைவிக்கு அது மட்டும் ஏமாற்றம். "வாய் திறக்காம வாங்கறதுல என்னங்க இருக்கு?" என்றாள். குளிர்காலத்தில் பள்ளிகளின் கூடைப்பந்துப் போட்டி. இந்தியானாவில் அது விளையாட்டல்ல, திருவிழா. தாத்தா பாட்டி எல்லாம் பேரன் ஆடாவிட்டாலும் வந்து உட்கார்ந்து கத்துகிறார்கள்.

கடைத்தெருவில் ஸஹரகோஸ் என்ற ஐஸ்கிரீம் கடை. கிரேக்க நாட்டிலிருந்து வந்த சகோதரர்கள் 1900-ல் தொடங்கியது. பளிங்குக்கல் மேடை, தானாக வாசிக்கும் பெரிய இசைப்பெட்டி என்று பழைய காலம் அப்படியே இருக்கிறது. 2006-ல் மூடிய கடையை வேறொருவர் வாங்கிச் செப்பனிட்டு 2009-ல் மறுபடி திறந்தார். பிழைக்க வந்தவன் போட்ட கடை நூறு வருஷத்தில் ஊரின் சொத்தாகிவிட்டது பாருங்கள்.

வந்தேறிகள் கதை கிரேக்கர்களோடு முடியவில்லை. ஜப்பானிய டொயோட்டா குழுமத்தின் சரக்குத்தூக்கி வண்டித் தொழிற்சாலை 1990-ல் வந்தது. கம்மின்ஸுக்குப் புனேவிலிருந்தும் சென்னையிலிருந்தும் நம்மவர்கள் போனார்கள். அக்டோபரில் நகர மண்டபத்தை ஒட்டிய தெருக்களில் பன்னாட்டு மக்களின் உணவும் ஆட்டமும் கூடும் விழா நடக்கும். அங்கே போய்ப் புனே தாலி சாப்பிட்ட ஒரே கும்பகோணத்துக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

கச்சேரிக் கட்டடத்தின் பக்கத்தில் 1997-ல் எழுப்பிய போர்வீரர் நினைவிடம் இருக்கிறது. நாற்பதடி உயரமுள்ள 25 சுண்ணாம்புக்கல் தூண்கள். இறந்த வீரர்களின் பெயர்களோடு, அவர்கள் போர்முனையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களையும் உட்புறத்தில் செதுக்கியிருக்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றியும் அம்மாவின் உடம்பைப் பற்றியும் எழுதிய பையன்கள். நம் நடுகல் மரபு நினைவுக்கு வந்தது. அங்கே நின்று படித்துவிட்டு வெளியே வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

குறையும் உண்டு

சொர்க்கபுரி என்று சொல்ல மாட்டேன். ஒரே கம்பெனியை நம்பிய ஊர் என்பதால் அதற்குத் தும்மல் வந்தால் ஊருக்கே ஜுரம். 1980-களில் ஜப்பானியப் போட்டி வந்தபோது எல்லாரும் கலங்கிப்போனார்கள். 2023 டிசம்பரில், லாரி எஞ்சின் புகைக் கட்டுப்பாடு தொடர்பான வழக்கைத் தீர்க்க அதே கம்பெனி 167 கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. தவறை ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும், தரத்துக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் தலைகுனிந்த நாள் அது. மாப்பிள்ளை அன்றைக்குத் தொலைபேசியில் அதிகம் பேசவில்லை.

இன்று மில் ரேஸ் பூங்கா என்று பச்சைப் பசேலென்று இருக்கும் ஆற்றங்கரை, முன்பு ஏழைகளின் குடிசைப்பகுதி. "சாவுப் பள்ளத்தாக்கு" என்று அதற்குப் பெயர். 1960-களில் அதை அகற்றினார்கள். அழகுபடுத்தும்போது யாரோ இடம்பெயர்கிறார்கள் என்பது அமெரிக்காவுக்கும் பொது. ஆறும் தன் கணக்கை விடவில்லை. 2008 ஜூன் 7 அன்று ஹா ஓடை பெருகி ஊரின் மருத்துவமனைக்குள் புகுந்தது. நோயாளிகள் எல்லாரையும் அன்றே வெளியேற்ற வேண்டியதாயிற்று. மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபின்தான் மறுபடி திறந்தார்கள்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. ஈரோ சாரினென் கடைசியாக வரைந்த கட்டடங்களில் ஒன்று நார்த் கிறிஸ்டியன் சர்ச். அறுகோண வடிவம், நடுவே மேடை, சுற்றிலும் ஜனங்கள், உச்சியில் ஊசி மாதிரி 192 அடிக் கோபுரம். 1961-ல் அவர் இறந்தார். 1964-ல் தேவாலயம் திறந்தது. 2017-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே போய் உட்கார்ந்தேன். அத்தனை பெரிய இடத்தில் தலை நரைத்தவர்கள் கொஞ்சம் பேர். என்னைப் பார்த்ததும் ஒரு மூதாட்டி வந்து கைபிடித்து, பக்கத்தில் உட்காரச் சொன்னார். 2023-ல் போனபோது சபை இல்லை. ஆள் குறைந்து 2022-ல் கலைந்துவிட்டது. கூரை இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, கைபிடித்து உட்காரச் சொல்ல யாரும் இல்லை. நல்ல வேளையாக, மாவட்டப் பொது நூலகம் அந்தக் கட்டடத்தை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. நல்ல கட்டடம் தன் ஜனங்களை இழந்தாலும் வேறு ஜனங்களைத் தேடிக்கொள்கிறது. அதுவும் ஒரு பாடம்தான்.

நம் மாடிப்படி

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன்? சங்க உறுப்பினர்களுக்குத் தெரியும். 1980-களின் கடைசியில் நம் சங்கக் கூடத்தைக் கட்டியபோது நான்தான் பொருளாளர். கட்டட வரைஞர் ஒருவர் நியாயமான ஊதியம்தான் கேட்டார். "மேஸ்திரியே போதும், வரையறதுக்கு எதுக்குக் காசு?" என்று பொதுக்குழுவில் எழுந்து பேசி, அந்தச் செலவை வெட்டியது அடியேன்தான். கைதட்டல்கூடக் கிடைத்தது. முப்பது வருஷமாக மழை வந்தால் மேடை மேல் வாளி வைக்கிறோம். அதைவிடக் கொடுமை அந்த மாடிப்படி. செங்குத்தாக இருக்கிறது. நம்மோடு 1979-லும் 80-லும் வந்து சேர்ந்த எத்தனையோ பேர் இன்று முட்டிவலியால் மேலே ஏற முடியாமல் பொங்கல் விழாவுக்கு வருவதில்லை. போன வருஷம் ஒரு மாமி கீழ்ப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேலே பிள்ளைகள் பாடும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மிச்சம் பிடித்த பணத்தின் விலை அந்த நாற்காலி.

2023-ல் ஊர் திரும்பும் முன், பேத்தி என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போனாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. மூரின் வெண்கல வளைவுக்கு அடியில் நின்றுகொண்டு, "தாத்தா, இது எங்க லைப்ரரி. நீங்க எத்தனை புக் வேணா எடுக்கலாம், என் கார்டுல" என்றாள். எங்க லைப்ரரி! அந்த ஊருக்குப் போய் எட்டு வருஷம். நான் புனேவுக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. வேலை கொடுத்தது, பெண்ணைப் படிக்க வைத்தது எல்லாம் இந்த ஊர்தான். ஆனாலும் "எங்க ஊர்" என்று யாராவது கேட்டால் என் வாய் கும்பகோணம் என்றுதான் சொல்கிறது. கும்பகோணத்தை மறக்க வேண்டியதில்லை. ஆனால் குடியிருக்கிற ஊரில் நமக்கென்று, அக்கம்பக்கத்து மராட்டியக் குடும்பங்களும் கூச்சமில்லாமல் ஏறி வரக்கூடிய ஒரு நல்ல இடத்தைக் கட்டவில்லை என்றால், பேரப்பிள்ளைகள் எதைக் காட்டி "எங்களுது" என்பார்கள்?

கூடத்தை இடித்துக் கட்டும் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. மூன்று மேஸ்திரிகளின் மதிப்பீடு ஏற்கெனவே வந்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன். மில்லரைப் போல நம்மிடம் அறக்கட்டளை இல்லை. இருந்தாலும், கூடத்தை வரையப்போகிற கலைஞரின் ஊதியத்துக்கு என் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து முதல் தொகையைத் தர நான் தயார். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது பொதுக்குழுவின் உரிமை. அதில் நான் தலையிட மாட்டேன். பெயர்ப் பலகையும் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: படி சரியாக இருக்கட்டும், லிஃப்ட் வையுங்கள். அந்த மாமியின் நாற்காலி அடுத்த பொங்கலுக்கு மேலே முன்வரிசையில் இருக்க வேண்டும்.